மஞ்சள் கடுதாசியில் விடுபட்ட பெயர்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை டீக்கடையில் கிடைத்தது. ஓசூர் நீதிமன்றத்துக்குப் பக்கத்தில் ஒருவர் போனில் கத்திக்கொண்டிருந்தார்: “ஐ.பி. குடுக்கறவன் எம் பேர மட்டும் ஏன்டா விட்டான்?” கடன் வாங்கியவன் திவாலென்று சொல்லும் மஞ்சள் கடுதாசி வந்துவிட்டதே என்று கத்துகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். வரவில்லையே என்று கத்தியவரை அன்றுதான் பார்த்தேன். டீயை அப்படியே வைத்துவிட்டேன்.

2

மாதேஷ் வேலையிழந்த எட்டாவது மாதம், வானம் கறுத்து... (வேண்டாம். வானத்துக்கும் இவன் கடனுக்கும் என்ன சம்பந்தம்?)

மாதேஷ் சிப்காட்டில் லேத் ஓட்டியவன். கம்பெனியை மூடிவிட்டார்கள். அப்பாவின் ஆபரேஷனுக்கு வாங்கிய கடன் ஒன்பது லட்சமாகி நிற்கிறது. ஐ.பி. கொடுத்தால், அதாவது நான் திவால் என்று நீதிமன்றத்தில் மனுப் போட்டால், போனில் மிரட்டுகிறவர்கள் தொல்லை குறையும் என்றார் வக்கீல் லாவண்யா. கடன் கொடுத்தவர் பெயர் ஒன்றுகூட விடக்கூடாது என்றும் சொன்னார்.

மாதேஷ் ஆறு பெயர் எழுதினான். ஏழாவது ஆள் திம்மப்பன், ராயக்கோட்டைத் தக்காளி மண்டிக்காரர், கூடப் படித்தவனின் அண்ணன். பத்திரமில்லாமல், வட்டியில்லாமல் எண்பதாயிரம் கொடுத்தவர். அவருக்குப் போய் மஞ்சள் கடுதாசியா? மரியாதைக்காக விட்டுவிட்டான். எங்கள் பக்கத்து ஆட்களால் மட்டுமே செய்ய முடிந்த முட்டாள்தனம் இது.

(குறிப்பு: முதல் வரைவில் இவனை வீட்டைப் பூட்டிக்கொண்டு ஜூஜுவாடி எல்லை தாண்டிக் கர்நாடகாவுக்கு ஓடவிட்டேன். அடுத்த வரியிலேயே திரும்பி வந்து நின்றான். “பொண்ணுக்கு நாளைக்குப் பரீட்ச சார்” என்றான். நான் என்ன செய்ய?)

3

ஒளித்து வைத்திருந்த பட்டியலை மனைவி சுசித்ரா பார்த்துவிட்டாள்.

“திம்மப்பண்ணன் பேரு எங்கங்க?”

காரணத்தைக் கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டாள். “வேற யாராச்சும் சொல்லி அவருக்குத் தெரிஞ்சா? போய் நேர்ல சொல்லிட்டு வாங்க.”

போனான். மண்டியில் தக்காளிப் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்த திம்மப்பன் முழுக்கக் கேட்டுவிட்டு வெடித்தார்.

“எம் பேர விட்டுட்டியா? அப்ப நான் குடுத்தது காசு இல்லியா? பிச்சையா?”

“இல்லண்ணா, உங்களக் கோர்ட்டுக்கு இழுக்க மனசு வரல.”

“ஐ.பி. குடுக்கறதுன்னா எம் பேரையும் எழுது. இல்லன்னா குடுக்காத, மாசாமாசம் எல்லாருக்கும் கொஞ்சங் கொஞ்சமா கட்டு. வேப்பனப்பள்ளி மாங்கூழ் பேக்டரில மிசின் பாக்க ஆள் கேக்கறாங்க, போன் போடறேன். எதப் பண்ணாலும் என்னிய ஒதுக்காத, ஆமா.”

மாதேஷ் அங்கேயே அழுதுவிட்டான். நானும்தான், மறைப்பானேன்.

4

இனி முடிவு. ஐ.பி. கொடுத்தால் மூச்சு விடலாம், ஊரில் பேர் கெடும். கொடுக்காவிட்டால் பேர் நிற்கும், வேலை கிடைத்தாலும் ஐந்தாறு வருடம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிக் கடனை அடைக்க வேண்டும். இரண்டையும் எழுதிப் பார்த்தேன். இரண்டிலும் மாதேஷ் பிழைத்துக்கொள்கிறான் என்பதுதான் எனக்கே ஆச்சரியம்.

அவனிடமே கேட்டுவிடலாமென்று போனேன். திம்மப்பன் பெயரைச் சேர்த்திருந்தான். மனுவில் கையெழுத்துப் போடும் இடம் காலியாக இருந்தது.

“நீங்க எழுதாதீங்க சார். எட்டு மாசமா நான் ஒருத்தனே மண்டைய ஒடச்சிக்கிட்டேன். இப்பதான் நாங்க ரெண்டு பேரும் ஒக்காந்து பேசறோம்” என்றான்.

சரியென்று வெளியே வந்துவிட்டேன். உள்ளே சுசித்ரா ஏதோ கேட்கிறாள், அவன் சிரிக்கிறான். பேனாவைக் கையில் எடுத்திருக்கிறான். எதற்கென்று நான் எட்டிப் பார்க்கவில்லை. உங்களுக்குத் தெரிந்தே ஆகவேண்டுமென்றால் நீங்கள் போங்கள், ஆனால் அவர்கள் பேசி முடிக்கட்டும்.