ஒரு மணி நேரமாவது

வெள்ளிக்கிழமை மத்தியானம் வடிகட்டி தன் மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டார். பேனா விழுந்துவிட்டது போலிருக்கிறது என்று பக்கத்து மேசைக்காரர்கள் நினைத்தார்கள். பேனா விழவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து மூச்சுவிட முடியாத ஒரு விஷயத்தை அவர் அப்போதுதான் கண்டுபிடித்திருந்தார். கீழே போனால் ஒருவேளை முடியுமோ என்று பார்த்தார். கீழேயும் முடியவில்லை. தூசி வேறு.

வீட்டில் அவருக்கு வேறு பெயர் உண்டு, அலுவலகத்தில் வடிகட்டிதான். நாட்டில் யார் வேலை பார்க்கிறார்கள், யார் தேடுகிறார்கள், யார் தேடித் தேடி ஓய்ந்துபோய் வீட்டோடு இருக்கிறார்கள் என்று வீடு வீடாகப் போய்க் கேட்டு வருகிற தொழிலாளர் கணக்கெடுப்பு அலுவலகம் அது. வந்து சேருகிற பதில்களில் பிழை பொறுக்குவது அவர் வேலை. ஏழு வயதுப் பையன் லாரி ஓட்டுவதாக வந்தால் அவர் கண்ணுக்குத் தப்பாது. வாரத்துக்கு இருநூறு மணி நேரம் உழைத்தேன் என்று ஒருவர் சொல்லியிருந்தால், வாரத்திலேயே அத்தனை மணி கிடையாதே ஐயா என்று திரையைப் பார்த்து மரியாதையாகச் சொல்லிவிட்டுத்தான் திருத்துவார். பதில் சொன்னவர்களின் பெயரையும் போன் நம்பரையும் கோப்பிலிருந்து நீக்குவதும் அவரே. அடுத்தவர் பெயரை எடுத்தே பெயர் எடுத்தவர் என்று அலுவலகத்தில் கேலி. பெயர் எடுத்தாரே தவிர நிரந்தரமாகவில்லை. வருடா வருடம் ஒப்பந்தம். மேலதிகாரி மேடம் கையெழுத்துப் போட்டால் அடுத்த வருடமும் பிழைப்பு ஓடும். இந்த வருடக் கையெழுத்து திங்கட்கிழமை. மனைவி வேலை பார்த்த துணிக்கடையை மூடிவிட்டதால், வீட்டில் இப்போது சம்பாதிக்கிற ஒரே ஆள் மேசைக்கு அடியில் இருந்தார்.

எல்லாம் ஒரு மாதத்துக்கு முன்னால் மேடம் கூப்பிட்டுச் சொன்னதில் ஆரம்பித்தது.

"சார், ஆராய்ச்சி பண்றவங்களுக்குப் பயிற்சி வகுப்பு நடத்தப் போறோம். இந்தக் காலாண்டுக் கோப்பை ஒரு நகல் எடுத்து ரெடி பண்ணிக் குடுங்க. ஆனா சுத்தமாக் குடுத்துடாதீங்க."

"புரியல மேடம்."

"சுத்தமாக் குடுத்தா என்னத்தக் கத்துப்பாங்க? அங்கங்க தப்பு போட்டு வைங்க. தேடிக் கண்டுபிடிக்கட்டும்."

"தப்பா? நானா?"

"உங்களுக்குத் தெரியாத தப்பா, சார்?"

இது பாராட்டா வசவா என்று பஸ்ஸில் வீடு போய்ச் சேரும்வரை யோசித்தார். தெரியவில்லை.

முதல் நாள் ஓர் ஆணுக்குப் பிரசவ விடுப்புக் கொடுத்துவிட்டு, வெட்கமாகிப்போய் உடனே ரத்து செய்தார். அப்படி அசட்டுத்தனமாகப் பிழை போட அவருக்கு மனசு வரவில்லை. பிழை என்றாலும் அதற்கு ஒரு குடும்பம் வேண்டாமா, ஒரு காரணம் வேண்டாமா? இரண்டு வருடமாக வேலை தேடிக்கொண்டிருந்த ஒரு முட்டிவலிக்காரரை எடுத்தார். பள்ளிக்கூட வேன் ஓட்டும் வேலை போட்டுக் கொடுத்தார். காலையும் மாலையும் ஓட்டினால் போதும், நடுவில் காலை நீட்டிக்கொள்ளலாம். சம்பளமும் போட்டார். சம்பளத்துக்குத் தோதாக மகளைக் கல்லூரியில் சேர்த்தார். செய்து முடித்துத் திரையைப் பார்த்தபோது, இத்தனை வருட உத்தியோகத்தில் அறியாத ஒரு குளிர்ச்சி நெஞ்சில் இறங்கியது. ருசி கண்டுவிட்டார். மறுநாள் ஒரு கொத்தனார், ஒரு நர்ஸ், அண்ணன் தம்பி இருக்கிற வீடு ஒன்று. கணக்கெடுப்பில் ஒரு வரி என்றால் ஓர் ஆள் இல்லை; அவரைப்போல ஊரில் இருக்கிற ஆயிரம் பேருக்கு அந்த ஒரு வரி நிற்கும். ஆகவே ஒருவருக்கு வேலை போட்டால் ஆயிரம் பேருக்குப் போட்ட மாதிரி. எந்த மந்திரியும் செய்யாத காரியத்தை வடிகட்டி தினமும் டீ வேளைக்குள் செய்து முடித்தார்.

போட்ட பிழைகளுக்கு விடைத்தாள் ஒன்று எழுதச் சொல்லியிருந்தார் மேடம். கடைசியில் ஒரே மூச்சில் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டார். தான் பெற்றதைத் தனக்கே அடையாளம் தெரியாதா என்ற தைரியம்.

ராத்திரிச் சாப்பாட்டில் மனைவியிடம் ஒவ்வொன்றாகச் சொல்வார்.

"இன்னிக்கு யாருக்கு வேலை போட்டுக் குடுத்தீங்க?" என்று கேட்பாள் அவள்.

சொல்வார்.

"எனக்கும் ஒண்ணு போட்டுக் குடுக்கிறது."

"நீ இந்தக் கணக்கெடுப்புல இல்லையே."

"எதுலதான் இருக்கேன்" என்பாள், தட்டை எடுத்துக்கொண்டே.

இந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் மேடம் ஒரு சாக்லேட் டப்பாவோடு வந்தார். "வேலையில்லாதவங்க எண்ணிக்கை குறைஞ்சிருக்கு சார்! மேலிடத்துல சொல்லிட்டேன், அவங்களுக்குத் தலைகால் புரியல. திங்கட்கிழமை பத்து மணிக்குப் பத்திரிகைக்காரங்க வராங்க. எடுத்துக்கோங்க, ரெண்டா எடுத்துக்கோங்க."

வடிகட்டி இரண்டாக எடுத்துக்கொண்டார். முதல் சாக்லேட் கரைவதற்குள் அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது. அசல் கோப்பைத் திறந்தார். முட்டிவலிக்காரர் வேன் ஓட்டிக்கொண்டிருந்தார்.

நகலைத் திறந்தார். அதிலும் ஓட்டிக்கொண்டிருந்தார்.

நடந்தது இதுதான். போன வாரம் ஒரு நாள் இரண்டு கோப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தவர், அவை ஒத்துப்போகவில்லை என்று கண்டார். இரண்டு கோப்பு ஒத்துப்போகாவிட்டால் வடிகட்டிக்குத் தண்ணீர்கூட இறங்காது. எதற்காக ஒத்துப்போகவில்லை என்று யோசிக்கிற அளவுக்கு அந்தப் பழக்கம் அவருக்கு இடம் கொடுக்காது. உட்கார்ந்து, வரி வரியாக, ஒன்றைப்போல மற்றொன்றை ஆக்கிவிட்டு, அப்பாடா என்று வீட்டுக்குப் போய்த் தூங்கினார். எதைப்போல எதை ஆக்கினார் என்பதுதான் விஷயம்.

மேசைக்கு அடியிலிருந்து வெளியே வந்ததும் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும் ஆளிடம் போனார்.

"பேக்கப்பா? கவலையே படாதீங்க அண்ணே. தினமும் தானா எடுத்துக்கும். பழசைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசை வச்சுக்கும்."

"புதுசு தப்பா இருந்தா?"

"அந்தத் தப்பையும் ஒண்ணு விடாம எடுத்து வச்சிருக்கும்ணே. அவ்வளவு நம்பிக்கையான மெஷினு."

வீடு வீடாகப் போனவர்களின் டேப்லெட்டுகளில் தேடலாம். ஆனால் தகவல் வந்து சேர்ந்ததும் அவற்றை அழித்துவிட வேண்டும் என்று விதி. எழுதியவர் வடிகட்டி. அந்த வீடுகளுக்கே போன் செய்து மறுபடி கேட்கலாம். பெயரும் நம்பரும் கோப்பில் இல்லை. நீக்கியவர் வடிகட்டி. தன்னை எதிர்த்து இத்தனை காலமாகத் தானே இவ்வளவு ஒழுங்காக வேலை செய்து வந்திருப்பதை நினைத்து அவருக்கு அழுகை வந்தது. மேடத்திடம் சொல்லிவிடலாமா என்று கண்ணாடிக் கதவு வரை போனார். உள்ளே அவர் போனில் யாரிடமோ, "எல்லாம் எங்க டீமோட உழைப்பு சார்" என்று சிரித்துக்கொண்டிருந்தார். திரும்பி வந்து இரண்டாவது சாக்லேட்டையும் தின்றார்.

கோப்பை வெளியே எடுத்துப்போகக் கூடாது. அதனால் ஞாயிற்றுக்கிழமை காலை மனைவியை உள்ளே அழைத்து வந்தார். விடைத்தாள் எழுதாததால் எது பொய் என்று அவருக்கே இப்போது தெரியவில்லை; பொய்களை ஒன்று விடாமல் கேட்டவள் உலகத்தில் அவள் ஒருத்திதான். துணிக்கடை வேலைக்குப் போனபோது உடுத்திய உடையை எடுத்து இஸ்திரி போட்டு உடுத்தியிருந்தாள். கைப்பையும் எடுத்து வந்தாள். அதற்குள் ஒன்றும் இல்லை என்பது அவருக்குத் தெரியும்.

"யாரு சார் இது?" என்றார் வாசல் காவலாளி.

"என் வீட்டுக்காரம்மா."

"என்ன விஷயமா வந்திருக்காங்கன்னு எழுதணுமே?"

வடிகட்டி வாயைத் திறப்பதற்குள், "வேலை விஷயமா" என்றாள் அவள். காவலாளி அதையே எழுதிக்கொண்டார்.

திரைக்கு முன்னால் இரண்டு நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். அவர் ஒவ்வொரு வரியாகப் படித்தார். அவள் தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

"வேன் ஓட்டுறவர் நீங்க போட்டது. பொண்ணைக் காலேஜ்ல சேத்தீங்களே."

வடிகட்டி வேனைப் பிடுங்கிக்கொண்டார். மகளைக் கல்லூரியிலிருந்து நிறுத்தினார். ஆயிரம் முட்டிவலிக்காரர்கள் வண்டியை விட்டு இறங்கி நின்றார்கள்.

"நர்ஸும் நீங்கதான். கொத்தனாரு... அவரும் நீங்க போட்டதுதான். அந்தண்ணன் தம்பியில அண்ணன் மட்டும்."

"ரெண்டு பேருமே நான்தான்னு நெனைக்கிறேன்."

"இல்ல. தம்பி உண்மை. நீங்க சொல்றப்பவே பொறாமையாச் சொன்னீங்க."

மத்தியானம் வரை இப்படிப் போயிற்று. கட்டத்துக்குக் கட்டம் வடிகட்டி ஆட்களை வேலையை விட்டு எடுத்துக்கொண்டே வந்தார். இத்தனை பேர் வயிற்றில் அடித்துவிட்டு நாளைக்கு மேடம் முன்னால் போய், குறையவில்லை மேடம், கூடித்தான் இருக்கிறது என்று எந்த வாயால் சொல்வது? சொன்னால் இவர் வேலை போகும். சொல்லாவிட்டால் கெட்டிக்காரப் பிள்ளைகள் நாலு பேர் அந்தப் பொய்யை உட்கார்ந்து படித்துப் பட்டம் வாங்குவார்கள். அதைவிட மோசம், பிழை கண்டுபிடிக்கும் பயிற்சியில் உண்மையான வரிகளைத்தான் அவர்கள் பிழை என்று சொல்வார்கள். அவர் போட்டவை அவ்வளவு பொருத்தமாக இருந்தன. உண்மைதான் ஒன்றுக்கொன்று ஒட்டாமல் கிடந்தது.

"ராத்திரியெல்லாம் ஆபீஸ் கூட்டிப் பெருக்கிட்டு, பகல்ல தையல் தைக்குதே ஒரு பொண்ணு? அது யாரு?" என்றார்.

"தெரியலைங்க. நான் உண்மைன்னு நெனச்சு அன்னிக்கு அழுதேன்."

"அழுதியா? நான் பாக்கலையே."

"நீங்க அடுத்த ஆளுக்குப் போயிட்டீங்க."

"சில நாள் நீ ம்ம் போட்டுக்கிட்டே தூங்கிட்ட."

"பின்ன? நீங்க என்ன சினிமாவா ஓட்டினீங்க?"

தையல்காரியை அப்படியே விட்டார்கள். அப்படியே விட்டவர்கள் நிறையப் பேர் சேர்ந்துவிட்டார்கள். அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"ஏங்க, வாரத்துல ஒரு மணி நேரம் வேலை பாத்தாலும் வேலையில இருக்கிறவங்கன்னு எழுதுவீங்களே. இது சேருமா?"

"எது?"

"இப்ப நான் பண்றது."

வடிகட்டிக்கு விதிகள் மனப்பாடம். வீட்டில் ஒருவருடைய சம்பள வேலையில் இன்னொருவர் கைகொடுத்தால் அதுவும் வேலைதான். "சேரும்" என்றார். அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அப்புறம்தான் அவருக்கு உறைத்தது: நாளைக்குத் தன் வேலை போனால் அவள் வேலையும் சேர்ந்து போகும்.

அடுத்த வரி. ஒரு பெண். வயது நாற்பத்தொன்பது. வேலையில் இல்லை, தேடவும் இல்லை. ஏன் தேடவில்லை என்ற கட்டத்தில் எழுதியிருந்ததைச் சத்தமாகப் படித்தார்.

"வேலை இருக்கான்னு கேட்டா, பதில் சொல்றதுக்கு முன்னாடி என் தலைமுடியைப் பாக்குறாங்க."

மனைவி பக்கம் திரும்பினார்.

"இது உண்மையா, நான் போட்டதா?"

"அது நான் சொன்னதுங்க."

"எப்போ?"

"துணி மடிக்கிறப்ப. நீங்க காதுல வாங்கலைன்னு நெனச்சேன்."

வடிகட்டி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். வாங்கியிருக்கிறார். வாங்கி, கொண்டுவந்து, இங்கே போட்டிருக்கிறார். எல்லோருக்கும் வேலை போட்டுக் கொடுத்த கோப்பில் இந்த ஒரு பிழைக்கு மட்டும் அவர் வேலை கொடுக்கவில்லை.

"அப்ப இந்தப் பொம்பளை என்ன சொல்லியிருந்தா?" என்றாள் அவள்.

"இருக்கும்... வீட்டு வேலைன்னு இருந்திருக்கும். இல்ல, உடம்பு முடியலைன்னு."

"இருந்திருக்கும்னா?"

"ஞாபகம் இல்ல."

"அவளும் யாருகிட்டயோ வாயைத் திறந்து சொல்லியிருப்பாளேங்க. கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க."

கண்ணை மூடி யோசித்தார். தலைமுடிதான் வந்தது. காதோரம் நரைத்து, சாயம் போட மறந்த முடி. கண்ணைத் திறந்து, மனைவியின் வாக்கியத்தைப் பின்னாலிருந்து ஒவ்வோர் எழுத்தாக அழித்தார். கட்டம் வெறுமையாயிற்று. அதற்குள் ஒரு சின்னக் கோடு மட்டும் நின்று கண் சிமிட்டிக்கொண்டிருந்தது.

அவள் கையைக் கொண்டுபோய்க் காதோர முடியை உள்ளே தள்ளிக்கொண்டாள். கைப்பையை எடுத்து மடியில் வைத்து, இரண்டு கையாலும் அதன் வாரைப் பிடித்துக்கொண்டு, மூடியிருந்த மேடத்தின் கண்ணாடிக் கதவைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள், அடுத்து தன்னைத்தான் கூப்பிடப் போகிறார்கள் என்பதுபோல.