காயாத முத்திரை

விசாரணை அதிகாரி ஒவ்வொரு கணினிக்கு முன்னாலும் மண்டியிட்டு, பென் டிரைவ் செருகும் துளையில் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டே வந்தார். தலைமையகத்திலிருந்து அனுப்பப்பட்டவர், சிரிப்பதற்கு மேலிடத்து அனுமதி வேண்டும் என்பதுபோல முகத்தை வைத்திருந்தார். கோந்து அக்கா அவர் பின்னாலேயே நடந்தாள். இன்னும் இரண்டு அறைகள் தாண்டினால் கடைசியாக வரைபட அறை. அங்கே சொல்ல வேண்டியதை அவள் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

கோந்து அக்கா என்பது ராணுவ முகாம் அவளுக்கு வைத்த பெயர். முகாமின் உள் கணினிகளுக்கு இணையம் கிடையாது, வெளிக்காற்றே படக்கூடாது. அவற்றின் துளைகளையெல்லாம் சூடான பசை ஊற்றி அடைப்பது அவள் பொறுப்பு. "ராணுவத்துல எனக்குக் குடுத்த ஒரே துப்பாக்கி இதுதான்" என்று பசைத் துப்பாக்கியைத் தூக்கிக் காட்டுவாள். பசை ஆறியதும் அதன் மேல் தன் கருஞ்சிவப்பு நகப்பூச்சில் ஒரு சொட்டு வைப்பாள். யாராவது பசையைச் சுரண்டினால் சொட்டு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். இது எந்தச் சட்டத்திலும் இல்லை, அவளாகக் கண்டுபிடித்த முத்திரை. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அப்படி அடைத்துக் காத்த இடத்துக்குள்தான் வைரஸ் புகுந்துவிட்டது. வாகனப் பிரிவில் ஒரு நாள் காலையில் கணினியைத் திறந்தபோது கோப்புறைகள் எல்லாம் வெறும் அம்புக்குறிகளாக மாறி இருந்தன. மதியத்துக்குள் சரக்கு, எரிபொருள், வரைபடம் என்று எல்லாப் பிரிவுக்கும் பரவிவிட்டது. பதறிப்போன மேலதிகாரி எல்லாக் கணினிகளையும் அழித்துப் புதிதாக ஏற்றச் சொன்னார். வைரஸோடு சேர்ந்து, எது எங்கே எப்போது செருகப்பட்டது என்ற தடயமும் போய்விடும் என்று அவள் சொல்லிப் பார்த்தாள். காதில் வாங்க ஆளில்லை. கடைசியில் அவள் கையாலேயே எல்லாவற்றையும் துடைத்தாள். மிச்சமிருந்த சாட்சி துளைகள் மட்டும்தான்.

வரைபட அறையின் துளை திறந்திருக்கிறது என்பது இரண்டே பேருக்குத் தெரியும். ஒருத்தி அவள். இன்னொருவன் அந்த அறையில் வேலை பார்க்கிறவன். கூடப்பிறந்தவன் இல்லாத குறைக்கு அவள் தம்பி என்று கூப்பிட்டுப் பழகியவன். தினமும் வெளிக்கணினியிலிருந்து வானிலைப் படங்களை எடுத்து உள்ளே ஏற்ற வேண்டும். முறைப்படி என்றால் சிடியில் பதிந்து, அவள் மேஜைக்குக் கொண்டுவந்து சோதித்து, பிறகுதான் ஏற்றலாம்; பாதி நாள் அதிலேயே போய்விடும். அவன் குழந்தை குறைமாதத்தில் பிறந்து ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த சமயம் அது. "சீக்கிரம் போகணும்க்கா, அவ தனியா உக்காந்திருக்கா" என்று வாசலில் வந்து நின்றான். முகம் பேயறைந்தது போல இருந்தது. அவள் மனசு கேட்கவில்லை. கொண்டை ஊசியை எடுத்துப் போய்த் தன் முத்திரையைப் பசையோடு தானே சுரண்டினாள்; இனி அவன் பென் டிரைவிலேயே நேராக ஏற்றலாம்.

குழந்தை தேறி வீட்டுக்கு வந்தது. அவள்தான் முதல் சட்டை எடுத்துக் கொடுத்தாள். துளையை மட்டும் அடைக்கவில்லை; அவனும் ஞாபகப்படுத்தவில்லை, இவளும் நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டுவிட்டாள்.

நேற்று மாலை சைக்கிள் நிறுத்துமிடத்தில் வைத்து அவனிடம் பேசினாள். "உள்ளத உள்ளபடி சொல்லிடலாம்டா. தொறந்தது நான், செருகினது நீ. ரெண்டு பேருமா நின்னா வேலையாவது மிஞ்சும். ஒளிச்சோம்னா சதின்னு சொல்லி உள்ள வச்சிருவாங்க."

"சரிக்கா. நீங்க எப்படிச் சொல்றீங்களோ அப்படியே" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

இப்போது அவர்கள் வரைபட அறைக்குள் நுழைந்ததும் தம்பி எழுந்து விறைப்பாக நின்றான். அதிகாரி மண்டியிட்டார். அவள் வாயைத் திறக்கப் போனாள்.

"இதுவும் அடைச்சுத்தான் இருக்கு" என்றார் அவர்.

அவளுக்குப் புரியவில்லை. குனிந்து பார்த்தாள். துளை நிறையப் பசை. மேலே கருஞ்சிவப்பில் ஒரு சொட்டு.

"அப்போ திறந்திருக்கிற ஒரே மெஷின் உங்க மேஜையில இருக்கறதுதான். இல்லையா?"

அனுமதியோடு திறந்திருக்கும் சோதனைக் கணினி அது; பழி அவள் மேல்தான் விழும். அவள் தம்பியைப் பார்த்தாள். அவன் ஜன்னலைப் பார்த்தான். தலைவலி மாத்திரைக்கு அவள் மேஜை இழுப்பறையை அவன் கேட்காமலே திறப்பது வழக்கம். பசைத் துப்பாக்கியும் நகப்பூச்சும் அதே இழுப்பறையில்தான். நேற்று அவன் பிடித்த கை இன்னும் சூடாக இருப்பது போலிருந்தது. ஒரு வார்த்தை சொல்லாமல் இப்படிக் காலை வாரிவிட்டானே.

"சார், இது நான் வச்சதில்ல. இந்த ஓட்டையத் தொறந்து விட்டதே நான்தான். தம்பி கேட்டான்னு தொறந்தேன். இது அவன் அடைச்சது."

அதிகாரி திரும்பினார். "அப்படியா?"

"எனக்கு எதுவும் தெரியாது சார். நான் எப்பவும் சிடியிலதான் கொண்டு வருவேன்."

குரலில் ஒரு பிசிறு இல்லை. மறுபடி குனிந்து முத்திரையைப் பார்த்தாள். பழக்கமில்லாத கை, சொட்டைத் தடிமனாக வைத்திருந்தது. அவள் கட்டைவிரலால் அழுத்தினாள். மேலே ஆடைபோலப் படிந்திருந்தது கிழிந்து, உள்ளிருந்த ஈரம் விரலில் ஒட்டியது.

"பாருங்க சார்! உள்ள இன்னும் காயவே இல்ல. இன்னிக்குக் காலையில வச்சது இது!"

விரலை அவர் முகத்துக்கு நேராக நீட்டினாள். அதிகாரி அந்த விரலைப் பார்த்தார். பிறகு அதற்குப் பக்கத்து விரலின் நகத்தை. பிறகு மற்ற நகங்களை, அவள் இன்னொரு கையை.

"இந்தக் கலர் யார்கிட்ட இருக்கு?"

தம்பி ஒரு எட்டு முன்னால் வந்தான். ஆஸ்பத்திரி நாட்களில் அவன் அவள் வாசலில் நின்று பேசிய அதே தணிந்த குரல்.

"எதுக்குக்கா இப்படிப் பண்ணீங்க?"

அவள் நீட்டிய கையை மடக்கத் தோன்றாமல் நின்றாள். கட்டைவிரலின் ஈரச் சிவப்பு மெல்ல வழிந்து, நகத்தின் சிவப்போடு சேர்ந்துகொண்டிருந்தது.