நாலுக்கு இரண்டு புள்ளி நாலு ஒன்று

மார்னி லாம்பி கல்லூரியில் படித்த நான்கு வருடத்தில் அதிக நேரம் இருந்த இடம் பனிச்சறுக்கு மலை. அமெரிக்காவின் வடகோடியில் இருக்கும் டுலூத்தில் நவம்பரில் விழ ஆரம்பிக்கும் பனி ஏப்ரல் வரை கிடக்கும். கல்லூரி வாசலிலிருந்து மலையடிவாரத்துக்குக் காரில் பதினைந்தே நிமிடம். கரிம வேதியியல் வகுப்பு காலை எட்டு மணிக்கு. புதுப்பனி மேல் யாருடைய தடமும் விழாமல் இருப்பதும் அதே எட்டு மணிக்குத்தான். இரண்டில் எதற்குப் போவது என்று அவள் ஒருநாளும் குழம்பியதில்லை.

கடைசியில் உயிரியல் பட்டம் என்னவோ வந்தது. கூடவே நாலுக்கு 2.41 என்ற சராசரியும் வந்தது. கரிம வேதியியலில் ஒரு முறை தோல்வி, மறுமுறை ஒட்டிக்கொண்டு தேர்ச்சி. அந்த வயதில் அது அவளை உறுத்தவில்லை. ஊரிலேயே ஒரு மருத்துவமனையில் நோயாளிகளிடம் ரத்தம் எடுக்கும் வேலை கிடைத்தது. விடியற்காலை ஐந்து மணிக்கு வேலை தொடங்கும். மதியம் ஒன்றரைக்கு வீடு. மிச்சப் பொழுதுக்கு மலை இருந்தது.

வேலையில் அவளுக்குக் கைராசி இருந்தது. மற்றவர்கள் இரண்டு கையிலும் குத்திப் பார்த்துவிட்டுக் கைவிட்ட நரம்பு அவள் விரலுக்கு அகப்படும். வார்டில் யாருக்காவது நரம்பு கிடைக்கவில்லை என்றால் "லாம்பியைக் கூப்பிடுங்க" என்பார்கள். பேச்சுக் கொடுத்துக்கொண்டே குத்துவாள். முடிந்த பிறகுதான் நோயாளிகள் "எப்பக் குத்துவீங்க?" என்று கேட்பார்கள்.

மூன்றாம் வருடம், முழங்கால் அறுவைக்காகச் சேர்ந்திருந்த ஒரு பெண்மணியின் கைகளில் நீல நீலமாகக் கன்றிய திட்டுகளைப் பார்த்தாள். ஊசி போட்ட இடத்தில் இருந்தால் பரவாயில்லை. யாரும் ஊசி போடாத தோள்பட்டையில் இருந்தன. நேற்று அவை இல்லை. வார்டு மருத்துவர் சுனீவா பெர்கிடம் போய்ச் சொன்னாள். பெர்க் வந்து பார்த்துவிட்டு உடனே சில பரிசோதனைகளை எழுதினார். பிறகு, எழுதிய பேனாவை மூடாமலே, மார்னியைப் பார்த்துக் கேட்டார்.

"எதனால இருக்கும்னு நினைக்கிற?"

மார்னிக்குத் தெரியவில்லை. தெரியாது என்று சொன்னாள். பெர்க் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். அவர் அதைக் குத்தலாகக் கேட்கவில்லை. ஒரு சக மருத்துவரிடம் கேட்பதுபோல இயல்பாகக் கேட்டார். அதுதான் அவளைக் குடைந்தது. வீட்டுக்குப் போய்ப் பழைய பாடப் புத்தகத்தைத் தேடி எடுத்தாள். ரத்தத்தைப் பற்றிய அத்தியாயத்தில் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. அச்சகத்தை விட்டு வந்த நாளிலிருந்து யாரும் அவற்றைப் பிரித்ததில்லை. கத்தியால் பிரித்துப் படித்தாள். மறுநாள் அந்தப் பெண்மணிக்கு ஒரு மருந்து ஒத்துக்கொள்ளாமல் ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் குறைந்துபோயிருப்பது தெரியவந்தபோது, பெர்க் கேட்டதற்கான பதில் தன் பழைய புத்தகத்தின் இருநூற்றுப் பதினான்காம் பக்கத்தில் இருந்ததென்று மார்னிக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. அன்றைக்கே, இருபத்தாறாவது வயதில், மருத்துவம் படிக்க வேண்டும் என்று முடிவு செய்தாள்.

முடிவு செய்வது சுலபம். பழைய கல்லூரியில் மேற்படிப்பு ஆலோசனை சொல்பவர் புரூயிட் என்று ஒருவர். மெலிந்த, மரியாதையான மனிதர். அவளுடைய மதிப்பெண் பட்டியலைக் கணினித் திரையில் மேலும் கீழும் இரண்டு தடவை ஓட்டிப் பார்த்தார். நர்ஸ் வேலையைப் பற்றி யோசித்ததுண்டா என்று கேட்டார். எக்ஸ்ரே படிப்பைப் பற்றிக் கேட்டார். மார்னி எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டி மறுத்த பிறகு ஒரு காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டார். இரண்டு வருடம் பாடங்களைத் திரும்ப எடுத்து, அத்தனையிலும் முழு மதிப்பெண் வாங்கினாலும், மொத்தச் சராசரி 2.8-ஐத் தாண்டாது.

"குழம்புல உப்பு கூடிப்போச்சுன்னா தண்ணி ஊத்தலாம்," என்றார். "ஆனா போட்ட உப்பு எங்கயும் போயிடாது பாருங்க."

"தண்ணி ஊத்தினா சாப்பிடற மாதிரியாவது ஆகுமா?"

"ஒரு சிலர் சாப்பிடுவாங்க," என்றார்.

அந்த ஒரு சிலரை நம்பி மார்னி இறங்கினாள். மதியம் வேலை முடிந்ததும் வகுப்புகள். கரிம வேதியியலின் முதல் நாள் அவள் உள்ளே நுழைந்ததும் பத்தொன்பது வயதுப் பிள்ளைகள் பேச்சை நிறுத்திவிட்டு நோட்டைத் திறந்தார்கள். அவளைத்தான் ஆசிரியை என்று நினைத்துவிட்டார்கள். அவள் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்த பிறகுதான் மூச்சு விட்டார்கள். முதல் மாதம் ஒன்றும் ஏறவில்லை. இரண்டாம் மாதம் ஏறியது மூன்றாம் மாதம் இறங்கிவிட்டது. ஆனால் ஒரு வித்தியாசம் இருந்தது. முன்பு புரியாவிட்டால் எழுந்து போய்விடுவாள். இப்போது புரியாவிட்டால் ஆசிரியரின் அறைக் கதவைப் போய்த் தட்டுவாள். வெள்ளிக்கிழமைகளில் கதவைத் தட்டும் சத்தம் கேட்டாலே அந்த ஆசிரியர் "லாம்பி, உள்ளே வாங்க" என்பார். அந்தப் பாடத்தில் ஏ வாங்கினாள். அதன் பிறகு எடுத்த பாடங்களில் ஒரே ஒரு பி, மற்றதெல்லாம் ஏ. நுழைவுத் தேர்வில் நூறு பேரில் எண்பத்தெட்டு பேரைப் பின்னுக்குத் தள்ளியிருந்தாள்.

பிறகு வந்தது விண்ணப்பக் கட்டுரை. நீங்கள் யார், ஏன் மருத்துவம், பழைய மதிப்பெண்கள் ஏன் அப்படி என்று ஒரு பக்கத்தில் எழுத வேண்டும். அவளோடு வேலை பார்த்த ஓடெல் என்பவனுக்கு இந்த விஷயத்தில் திடமான அபிப்பிராயம் இருந்தது. சோகம் இல்லாமல் எவனும் சேர்த்துக்கொள்ள மாட்டான் என்றான் அவன். யாராவது செத்திருக்க வேண்டும், குறைந்தபட்சம் சாகக் கிடந்திருக்க வேண்டும்.

மார்னி வீட்டில் யாரும் சாகக் கிடந்ததில்லை. யோசித்துப் பார்த்ததில், அவள் இரண்டாம் வருடம் படிக்கும்போது அப்பாவுக்குப் பித்தப்பையை எடுத்தது நினைவுக்கு வந்தது. அவள் அப்பா ராய் லாம்பி நகரசபையில் பனி தள்ளும் லாரி ஓட்டுபவர். மருத்துவமனையில் இரண்டு நாள் இருந்தார். மூன்றாம் நாள் வீட்டில் உட்கார்ந்து, சாப்பிடக் கூடாதென்று சொல்லியிருந்த டோனட்டைச் சாப்பிட்டார். கட்டுரையில் மார்னி பொய் என்று ஒரு வரியும் எழுதவில்லை. "அறுவை சிகிச்சை" என்று எழுதினாள், எந்த உறுப்பு என்று எழுதவில்லை. "படுக்கையருகே உட்கார்ந்திருந்தேன்" என்று எழுதினாள், எத்தனை மணி நேரம் என்று எழுதவில்லை. படித்துப் பார்த்தபோது அவளுக்கே கண் கலங்கியது.

பதினான்கு கல்லூரிகளுக்கு அனுப்பினாள். பதின்மூன்று மறுத்துவிட்டன. ஒன்று நேர்காணலுக்கு அழைத்தது. எதிரே உட்கார்ந்திருந்தது கனிவான முகமுள்ள ஒரு பெண் மருத்துவர். கட்டுரை தன்னை மிகவும் பாதித்ததென்றார். தன் அப்பாவையும் அந்த வயதில்தான் இழந்ததாகச் சொன்னார். பிறகு மெல்லக் கேட்டார்:

"உங்க அப்பா... கடைசியில என்ன ஆச்சு?"

"நல்லா இருக்காரு," என்றாள் மார்னி.

"அப்படியா, ரொம்ப சந்தோஷம். என்ன ஆபரேஷன் அது?"

"பித்தப்பை."

அந்த மருத்துவர் வயிற்று அறுவை நிபுணர். வாரத்துக்கு ஐந்தாறு பித்தப்பையை எடுப்பவர். காகிதத்தைத் திருப்பி மேசைமேல் வைத்தார். மிச்சமிருந்த இருபது நிமிடமும் மார்னியின் வேலையைப் பற்றி மரியாதையாக ஏதேதோ கேட்டார். திரும்பி வரும் நான்கு மணி நேரமும் மார்னி காரில் பாட்டு வைக்காமல் ஓட்டினாள்.

மறுமாதம் அந்தக் கல்லூரியும் மறுத்துவிட்டது. விஷயம் அத்தோடு முடியவில்லை. ஓடெல் தன் மனைவியிடம் கட்டுரையைப் பற்றி ஏதோ சொல்ல, அவள் வேறு யாரிடமோ சொல்ல, நகரசபை லாரிக் கொட்டகையில் ஆட்கள் ராயைத் தோளில் தட்டிக்கொடுத்து உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். ஒருத்தன் சூப் கொண்டுவந்து கொடுத்தான். ராய் சூப்பை வாங்கிக் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்து மகளிடம் அந்தக் கட்டுரையைக் கேட்டார். சமையலறை மேசையில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுதும் படித்தார்.

"இதுல நான் ரொம்ப நல்லவனா இருக்கேன்," என்றார். "ஆனா நாளைக்கு செத்துருவேன் போல இருக்கு."

"சாகறன்னு எங்கயும் எழுதலப்பா."

"ஆபரேஷன் முடிஞ்சு பதினோராவது நாள் நான் லாரில ஏறினேன். அந்த வருஷம் எவ்வளவு பனின்னு உனக்குத் தெரியும்ல? மேற்குப் பக்க ரோடு பூராவும் நான்தான் தள்ளினேன். அதை ஒரு வரி எழுதினியா?"

அவருக்கு மகள் பொய்க்குப் பக்கத்தில் போனது பெரிதாகப் படவில்லை. முப்பத்தொரு வருடத்தில் நோய்க்காக எடுத்த விடுப்பு மொத்தம் பத்து நாள் என்ற தன் பெருமையில் மண் விழுந்ததுதான் தாங்கவில்லை. மூன்று நாள் மகளிடம் தேவைக்கு மேல் பேசவில்லை. மார்னிக்கு அந்த மூன்று நாளும் நேர்காணலைவிடக் கஷ்டமாக இருந்தன. அப்பா லாரியில் தள்ளிய அதே பனியில்தான் அவள் வகுப்பை விட்டுவிட்டுச் சறுக்கப் போனாள் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

அடுத்த வருடம் கட்டுரையைப் புதிதாக எழுதினாள். நான்கு வாக்கியத்தில் பழைய கதை முடிந்துவிட்டது: வகுப்புக்குப் போகவில்லை. பனிச்சறுக்குக்குப் போனேன். வீட்டில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இதற்கு நானே பொறுப்பு. மிச்சப் பக்கத்தில் அந்தப் பெண்மணியின் தோள்பட்டையைப் பற்றியும் ஒட்டிக்கொண்ட பக்கங்களைப் பற்றியும் எழுதினாள். ஓடெல் படித்துவிட்டு, இது விண்ணப்பமா போலீஸ் வாக்குமூலமா என்று கேட்டான்.

இம்முறை எட்டுக் கல்லூரிகள். பிப்ரவரியில் ஒன்றிலிருந்து அழைப்பு வந்தது. நேர்காணல் செய்தவர் ஹார்லன் என்ற வயதான சிறுநீரக மருத்துவர். சிரிப்பது உடம்புக்கு ஆகாதென்று யாரோ சொல்லிவிட்டது போன்ற முகம். வணக்கம் சொன்ன கையோடு கேட்டார்.

"ஆர்கானிக் கெமிஸ்ட்ரில ஃபெயில். வகுப்புக்குப் போகலைன்னு எழுதியிருக்கீங்க. ஒரு நாளா ரெண்டு நாளா?"

"பாதிக்கு மேல போகலை சார்."

"எங்களுக்கும் இங்க பனி விழும், மிஸ் லாம்பி. நல்ல பனியா விழுந்தா நீங்க வருவீங்கன்னு நான் எப்படி நம்பறது?"

இதற்கு மார்னி பதில் தயாரித்து வைத்திருந்தாள். மூன்று நிமிடத்துக்கு வரும் பதில். வாயைத் திறந்தபோது அதில் ஒரு வரிகூட வரவில்லை.

"நான் சொல்றதை நம்ப வேண்டாம்," என்றாள். "ஆறு வருஷமா காலைல அஞ்சு மணிக்கு வார்டுல இருக்கேன். எங்க மேற்பார்வையாளர் நம்பர் விண்ணப்பத்துல இருக்கு. எத்தனை நாள் லேட்டுன்னு அவங்களையே கேளுங்க."

"எத்தனை நாள்?"

"ரெண்டு. ஒரு தடவை ஏரிப் பக்கம் புயல். இன்னொரு தடவை தூங்கிட்டேன்."

ஹார்லன் இரண்டையும் குறித்துக்கொண்டார். அவர் நிஜமாகவே தொலைபேசியில் கேட்டார் என்பது மார்னிக்கு மறுவாரம் தெரிந்தது. மேற்பார்வையாளர் அவளைக் கூப்பிட்டு, மூன்று தடவை என்று நினைவிருப்பதாகவும், ஆனால் இரண்டென்றே சொல்லிவிட்டதாகவும் சொன்னார். மார்னி உடனே பழைய வருகைப் பதிவேட்டை எடுக்கச் சொல்லிப் பார்த்தாள். இரண்டுதான். மேற்பார்வையாளர் அவளை வினோதமாகப் பார்த்தார்.

மார்ச்சில் கடிதம் வந்தது. இடம் இல்லை, மறுப்பும் இல்லை, காத்திருப்புப் பட்டியல். சேர்ந்தவர்களில் யாராவது விலகினால் கூப்பிடுவார்கள். ஏப்ரல் போயிற்று. மே மாதத்தில் ஏரியில் பனிக்கட்டி உடைந்து, ஜூனில் உல்லாசப் பயணிகள் வந்து கரையெல்லாம் நிறைந்தார்கள். மார்னி தினமும் மின்னஞ்சலைப் பார்ப்பதை வாரத்துக்கு இரண்டு முறையாகக் குறைத்துக்கொண்டாள். அடுத்த வருட விண்ணப்பத்தைத் திறந்து பெயரையும் முகவரியையும் நிரப்பி வைத்தாள்.

ஜூலை கடைசியில், ஓய்வுபெற்ற ஒரு பேருந்து ஓட்டுநரின் கையில் ஊசி இருக்கும்போது அவள் சட்டைப்பையில் கைபேசி அதிர்ந்தது. நின்றது. மறுபடி அதிர்ந்தது.

"எடும்மா, யாரோ விடாம கூப்பிடறாங்க," என்றார் அவர்.

மார்னி மூன்று குழாயையும் நிரப்பி, பஞ்சை வைத்துக் கட்டி, பெயர்ச்சீட்டை ஒட்டி, அவரிடம் ஐந்து நிமிடம் கையை மடக்கிவைக்கச் சொல்லிவிட்டுத்தான் தாழ்வாரத்துக்கு வந்தாள். கல்லூரி அலுவலகத்திலிருந்து ஒரு பெண் பேசினாள். ஒருவர் விலகியிருக்கிறார், இடம் உங்களுக்கு, நாளை மாலைக்குள் சம்மதம் சொல்ல வேண்டும், வகுப்பு பத்து நாளில் ஆரம்பம்.

"நாளைக்கு சாயங்காலம் வரைக்கும் எதுக்குங்க," என்றாள் மார்னி. "இப்பவே சொல்றேன். வரேன்."

பேசி முடித்ததும் சுவரில் சாய்ந்துகொண்டாள். உள்ளேயிருந்து ஓட்டுநர், ஐந்து நிமிடம் ஆகிவிட்டதா, கையை நீட்டலாமா என்று கேட்டார்.

அப்பாவிடம் சொன்னபோது அவர், பனியில்லாத மாதங்களின் வேலையாக, வெயிலில் ரோட்டுக் குழிக்குத் தார் ஊற்றிக்கொண்டிருந்தார். சட்டியைக் கீழே வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, அவளைக் கட்டிக்கொள்ள வந்தவர் தன் சட்டையைப் பார்த்துவிட்டு நின்றார். மார்னியே போய்க் கட்டிக்கொண்டாள். தார் ஒட்டிய அவள் சட்டை பிறகு வெளுக்கவே இல்லை.

பத்து நாளில் ஊர் மாற வேண்டும். அகப்பட்ட வீடு, ஒரு வயதான அம்மாளின் வீட்டுக் கீழ்த்தளத்தில் ஒரு அறை. பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தபோது வீட்டுக்கார அம்மாள் வாசலுக்கு வந்து, என்ன படிக்கப் போகிறாய் என்று விசாரித்தார். மருத்துவம் என்றதும் அவர் முகம் மலர்ந்தது.

"டாக்டரா? இந்த முட்டி ஒரு மாசமா படாதபாடு படுத்துது. கொஞ்சம் பாரேன்."

"இன்னும் வகுப்பே ஆரம்பிக்கலைங்க. திங்கக்கிழமைதான்."

"அதனால என்ன, முட்டி இன்னைக்குத்தானே வலிக்குது," என்று அவர் படியில் உட்கார்ந்து, எப்போது தொடங்கியது, எந்தப் பக்கம் திரும்பினால் குத்துகிறது, மருமகள் என்ன சொன்னாள் என்று எல்லாவற்றையும் சொல்ல ஆரம்பித்தார். மார்னி கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்து அதன்மேலேயே உட்கார்ந்தாள். நல்ல டாக்டரிடம் காட்டச் சொல்ல வேண்டும் என்றுதான் நினைத்தாள். ஆனால் அதற்குமுன் இன்னும் இரண்டு கேள்வி கேட்கலாம் என்று தோன்றியது.