திட்டத் தெரியாதவர்

"தாத்தா, ஜாம்," என்றாள் என் மகள். மாமனார் ஜாம் புட்டியை எடுத்துத் தன் ரொட்டியில் நிதானமாகத் தடவிக்கொண்டார், மூடியைத் திருகினார், மேசை நடுவில் வைத்தார். "அப்பா, ஜாம்," என்றாள். என் கணவர் குனிந்த தலை நிமிராமல் முட்டையை வெட்டிக்கொண்டிருந்தார். யாரும் முறைக்கவில்லை, யாரும் உச்சுக் கொட்டவில்லை. காலி நாற்காலியைத் தாண்டிப் போவதுபோல இருவர் பார்வையும் அந்த எட்டு வயதுப் பிள்ளையைத் தாண்டிப் போனது. நான் புட்டியை எடுத்து அவள் முன்னால் டங்கென்று வைத்தேன், வேண்டுமென்றேதான். மாமனார் என்னைப் பார்த்து மென்மையாகச் சிரித்தார். மனிதர் நல்லவர், அதுதான் கஷ்டமே. கெட்டவராக இருந்திருந்தால் முதல் நாளே ஒரு கை பார்த்திருப்பேன்.

நடந்தது இதுதான். என் கணவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். பள்ளிக்கூடம் விட்டுக் கடைக்கு வந்த வாலு (வீட்டில் அவள் பெயர் அதுதான், கொஞ்சமும் மிகையில்லை) தயாராக இருந்த கண்ணாடிகளை எல்லாம் உறையிலிருந்து எடுத்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்திருக்கிறாள். திருப்பி வைக்கும்போது உறைகள் மாறிவிட்டன. அன்று கடையில் கூட்டம். ஒரு லாரி டிரைவர் வேறு யாருடைய கண்ணாடியையோ வாங்கி மாட்டிக்கொண்டு போய், வாசல் படியிலேயே தடுமாறி, சுவரைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தார். வண்டியில் ஏறிய பிறகு மாட்டியிருந்தால்? கேட்டதற்கு வாலு, "நான் தொடவே இல்ல" என்று கூசாமல் புளுகினாள். மூக்கின் இரண்டு பக்கமும் கண்ணாடி அழுத்திய தடம் சிவப்பாக இருந்தது.

என் பிறந்த வீடாக இருந்தால் இதற்கு முதுகில் ஒன்று விழும், கூடவே தெருவே கேட்கிற மாதிரி ஒரு பாட்டு. அரை மணி நேரத்தில் அடித்த கையே தலையைத் துவட்டிவிடும். இவர் வேறு மொழிக்காரர், தமிழ் என்னிடம் கற்றதுதான்; இவர் வீட்டில் யாரும் கையை ஓங்குவதில்லை. தப்பு செய்த பிள்ளையிடம் பேச்சை நிறுத்திவிடுவார்கள். அது தானாக வந்து, முறையாக, முழு வாக்கியத்தில் மன்னிப்புக் கேட்கும்வரை அது அங்கே இல்லை, அவ்வளவுதான். கல்யாணத்துக்கு முன்பு இவர் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார், நம் பிள்ளையை அடிக்கக் கூடாது என்று. சரி என்றேன். அது சரியும்தான், இன்றைக்கும் அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. பதிலுக்கு நான்தான் எதுவும் கேட்காமல் விட்டுவிட்டேன்.

கல்யாணம் என்றால் என்ன என்பதிலேயே எங்களுக்கு ஒத்துப்போகவில்லை. என் அம்மாவும் அப்பாவும் காலையில் குழாயடியில் தொடங்கினால் மத்தியானச் சாப்பாடு வரைக்கும் சண்டை போடுவார்கள், அப்புறம் ஒரே தட்டில் பழம் நறுக்கிச் சாப்பிடுவார்கள். எனக்குக் குடும்பம் என்றால் அதுதான். நாங்கள் குடித்தனம் வைத்த புதிதில், ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டதற்காக இவரைப் பிடித்து நன்றாகக் கத்தினேன். முகம் வெளுத்து உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து, "என்னை விட்டுட்டுப் போகப் போறியா?" என்று கேட்டார். இவர்கள் பக்கம் குரல் உயர்ந்தால் கல்யாணம் முடிந்தது என்று அர்த்தமாம். அன்றைக்கு வாயை மூடியவள்தான். என் கோபத்தை எல்லாம் நான் நடத்துகிற சலவைக் கடைக்குக் கொண்டுபோய், அங்கே இருக்கிற மெஷின்கள் தலையில் கொட்டிவிட்டு வந்துவிடுவேன். இவர் சாப்பாடு கொண்டுவரும்போது வாசலில் நின்று அதைக் கேட்டுச் சிரிப்பார்.

வாலு மன்னிப்புக் கேட்கவில்லை. என் வயிற்றில் பிறந்தது, எளிதில் வளையுமா? முதலில் முறைத்துக்கொண்டு திரிந்தாள். பிறகு சத்தமாகப் பாடிப் பார்த்தாள். பிறகு அதுவும் நின்றது. சனிக்கிழமை காலை தலை வாரிக்கொண்டிருந்தபோது கண்ணாடியில் என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"அம்மா, அப்பா கண்ணுக்கு நான் தெரியறேனா?"

"என்னடி கேள்வி இது?"

"நேத்து அவர் முன்னாடி நின்னு கையை ஆட்டினேன். பின்னாடி இருந்த செவுத்தையே பாத்துட்டு இருந்தாரு."

அழவில்லை. ஒரு சந்தேகம் கேட்கிறவள் போலத்தான் கேட்டாள். பின்னலைப் பாதியில் விட்டுவிட்டு நேராகக் கண்ணாடிக் கடைக்குப் போனேன். இவர் பின்னறையில் மெஷினில் லென்ஸ் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"போதுங்க. இன்னிக்கோட நிறுத்துங்க."

"நான் அவளை அடிக்கலையே," என்றார். "தானா வந்து கேக்கட்டும். நாங்க எல்லாரும் இப்படித்தான் வளர்ந்தோம்."

"பிள்ளை தான் இருக்கோமா இல்லையான்னு கேக்குது. நீங்க கேட்டீங்கன்னு நான் கையைக் கட்டிக்கிட்டேன்ல? இப்ப நீங்க வாயைத் திறங்க. திட்டுங்க. நல்லா நறுக்குன்னு நாலு வார்த்தை திட்டுங்க."

மெஷினை நிறுத்தினார். வெகு நேரம் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"எனக்குத் திட்டத் தெரியாதே," என்றார்.

மனிதர் பொய் சொல்லவில்லை. எனக்குக் கோபமும் பரிதாபமும் ஒன்றாக வந்தன. பதில் பேசாமல் திரும்பிவிட்டேன். நானும் பேச்சை நிறுத்திவிட்டேன் என்பது பாதி வழியில்தான் உறைத்தது.

மறுநாள் மத்தியானம் சாப்பாட்டு மேசையில் மாமனார் நல்ல உற்சாகத்தில் இருந்தார். அவர் தன் மொழியில் சொன்னதை நம் பேச்சில் சொன்னால் இப்படி இருக்கும்: "கவலைப்படாதே மருமகளே. இவன் இவளைவிடப் பிடிவாதக்காரன். ஒரு தடவை கோடை லீவு முழுக்க நானும் இவன் அம்மாவும் இவன்கிட்ட ஒரு வார்த்தை பேசலை. பள்ளிக்கூடம் திறக்கறதுக்கு முந்தின நாள் வந்து கேட்டான் பாரு மன்னிப்பு! எவ்வளவு அழகாக் கேட்டான் தெரியுமா?"

இவர் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது.

"அப்பா, நான் அப்ப என்ன தப்பு செஞ்சேன்?"

மாமனார் யோசித்தார். தாடையைத் தடவிக்கொண்டார், கூரையைப் பார்த்தார், மறுபடி யோசித்தார். "அதெல்லாம் இப்ப யாருக்கு ஞாபகம் இருக்கு?" என்றார்.

"எனக்கும் ஞாபகம் இல்லை. லீவு மட்டும்தான் ஞாபகம் இருக்கு," என்றார் இவர்.

நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். வாலு பக்கம் திரும்பினார். இத்தனை நாளும் சுவரைப் பார்த்த கண், பிள்ளையைப் பார்த்தது. வாயைத் திறந்தார், எதுவும் வரவில்லை. அவர் மொழியில் கத்துவதற்கு அவரிடம் வார்த்தை கிடையாது. அந்த ஈரத் துண்டு நாளைத் தவிர, ஒருத்தர் திட்டி அவர் காதாரக் கேட்டது சலவைக் கடை வாசலில் மட்டும்தான். அதுதான் வந்தது, தமிழில், அடிவயிற்றிலிருந்து.

"நட்டு கழண்டு போச்சா உனக்கு? போன மாசம்தானே ரிப்பேர் பண்ணேன்? திங்கறது பூரா கரெண்டு, செய்யறது ஒண்ணும் கிடையாது! தூக்கிப் பழைய இரும்புக்குப் போட்டுடுவேன், ஜாக்கிரதை!"

வாலு வாயைப் பிளந்தாள். நானும்தான். மாமனார் கையிலிருந்த தம்ளர் தளும்பியது. இவருக்கோ வழி கிடைத்துவிட்டது. குரல் உடைந்தது, ஆனால் நிற்கவில்லை. "அந்த டிரைவர் கீழ விழுந்திருந்தா? ரோட்டுல யாரையாவது ஏத்தியிருந்தா? அவர் வீட்டுலயும் பிள்ளைங்க இருக்கும்ல? தொடவே இல்லன்னு என்கிட்டயே பொய் சொல்றியா? என்கிட்டயா?"

"எல்லாத்துலயும் ஒரே மாதிரி தெரியுமான்னுதான் போட்டுப் பாத்தேன்!" என்று வாலு பதிலுக்கு அலறினாள். "ஏன்னு கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்! நீங்கதான் பேசவே இல்ல!"

"நீ சொன்னா நான் பேசியிருப்பேன்!"

"நீங்க பேசினா நான் சொல்லியிருப்பேன்!"

இரண்டும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நின்றன, ஒரே மூக்கு, ஒரே தாடை. பிறகு வாலு ஓவென்று அழ ஆரம்பித்து, ஓடிப் போய் அவர் வயிற்றில் முட்டினாள். அழுகைக்கு நடுவே மன்னிப்பு வந்தது, முழு வாக்கியமாக இல்லை, மூக்குச் சளியோடு துண்டு துண்டாக. டிரைவர் மாமாகிட்டயும் சொல்லணும் என்றாள். இவர் அவளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, திட்டுவதை மட்டும் நிறுத்தவே இல்லை. எனக்குக் கண்ணில் நீர் கொட்டியது, சிரிப்பும் அடக்க முடியவில்லை. ஜெயித்துவிட்டேன் என்று எழுந்து கூத்தாட வேண்டும் போலிருந்தது.

மாமனார் பதறி எழுந்து அக்கம்பக்கம் கேட்டுவிடுமே என்று ஜன்னல்களைச் சாத்த ஆரம்பித்தார். இவர் அதைக் கவனிக்கவில்லை. மகளின் தலைக்கு மேலாக என்னைப் பார்த்தார். முகம் சிவந்து, முடி கலைந்து, நான் இதுவரை பார்க்காத ஒரு ஆளாக நின்றார்.

"உன்கிட்டயும் எனக்கு நிறைய இருக்கு!" என்று கத்தினார். "அந்தத் துண்டு விஷயத்துலேர்ந்து இருக்கு!"

ஒன்பது வருஷமாகக் காத்திருந்தவள் நான். நாற்காலியை அவருக்கு நேர் எதிரே இழுத்துப் போட்டேன். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தேன்.

"சொல்லுங்க," என்றேன்.

மாமனார் அடுத்த அறை ஜன்னலை நோக்கி ஓடிக்கொண்டிருந்தார்.