மொண்டு ஊற்றிய தண்ணீர்

நாகலக்ஷ்மிதான் முதலில் பார்த்தாள். காலையில் ஹாலைப் பெருக்க வந்தவள், தொட்டியின் அடியில் கூழாங்கற்களின் மேல் மீன் ஒருக்களித்துக் கிடப்பதைக் கண்டு துடைப்பத்தைப் போட்டுவிட்டுக் குனிந்தாள். செத்துவிட்டதென்றே நினைத்தாள். கண்ணாடியோடு முகத்தை ஒட்டி வைத்துப் பார்த்தபோது செவுள் மெல்லத் திறந்து மூடியது. உயிர் இருந்தது. வயிறு மட்டும் ஒரு பக்கமாக உப்பியிருந்தது. அவள் உடனே திரும்பி மகனுடைய அறையைப் பார்த்தாள். கதவு சாத்தியிருந்தது. அது திறப்பதற்குள் மீன் எழுந்து நீந்திவிட வேண்டும் என்று, பெருமாள் பெயரைச் சொல்லிக்கொண்டு தொட்டிக்கு முன்னால் அப்படியே நின்றாள்.

வேறு வீடாயிருந்தால் இது ஒரு விஷயமே இல்லை. ஒரு தங்கமீன் போனால் இன்னொன்று. இந்த வீட்டில் அப்படிச் சொல்ல முடியாது.

அவர்களுக்கு ஒரே பிள்ளை சீதாராமன். வெளியூரில் எஞ்சினியரிங் படித்துக்கொண்டிருந்தவன், மூன்றாம் வருஷத்தின் நடுவில் ஒரு நாள் பெட்டியோடு, வங்காளத்தில் அவர்கள் குடியிருந்த பெஹாலா வீட்டு வாசலில் வந்து இறங்கினான். பரீட்சை இல்லையா என்று கேட்டதற்குப் பதில் இல்லை. பிறகு எதற்குமே பதில் இல்லாமல் போயிற்று. குளிப்பதை நிறுத்தினான், சாப்பாட்டை நிறுத்தினான், சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்தே கிடந்தான். கிடர்பூரில் துறைமுக ஆபீசில் வேலை பார்த்த அப்பா சந்தானம் முதலில் அதட்டினார், அப்புறம் கெஞ்சினார், அப்புறம் அவரும் பேச்சைக் குறைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் சேர்த்துத் தலைக்குக் கரண்ட் வைத்தார்கள். மாம்பலத்து உறவுக்காரர்களுக்குப் பையனுக்கு மஞ்சள் காமாலை என்று எழுதினார்கள். திரும்பி வந்தபோது சாப்பிட்டான், தூங்கினான். மாத்திரையில் உடம்பு ஊதியிருந்தது. மற்றபடி வீட்டில் ஓர் ஆள் இருக்கிற சத்தமே இருக்காது.

அவன் கவனித்துக்கொள்ள ஏதாவது ஓர் உயிரைக் கொடுங்கள் என்று டாக்டர் சொன்னார். வாழ்நாளில் ஒரு துளசிச் செடிகூட வாங்கியறியாத சந்தானம் மறுநாள் டாக்சியில் ஒரு கண்ணாடித் தொட்டியோடும் பாலிதீன் பையில் ஒரு தங்கமீனோடும் வந்து இறங்கினார். தொட்டியை ஹாலில் வைத்ததோடு சரி, அதற்கப்புறம் அவர் அதன் பக்கமே போகவில்லை. பையன் எடுத்துக்கொள்கிறானா பார்ப்போம் என்று ஒதுங்கிக்கொண்டார். அவன் எடுத்துக்கொண்டான். தண்ணீர் மாற்றினான், கல்லைக் கழுவினான், காற்றுக்குமிழி விடும் பம்ப் அடைத்துக்கொண்டால் பிரித்துச் சரி செய்தான். அந்த மீனுக்காகத்தான் தானாகக் காலையில் எழுந்திருந்தான். மீன் வறுக்கும் வாசனை தாங்காமல் இரண்டு வீடு மாறியவள் நாகலக்ஷ்மி. இப்போது அவளே ஒரு கொட்டாங்கச்சியில் தண்ணீர் விட்டு அந்த மீனுக்கான சிவப்புப் புழுக்களைச் சமையலறை ஜன்னலில் வைத்துக் காப்பாற்றி வந்தாள்.

கதவு திறந்தது. சீதாராமன் வந்து அம்மாவை நகரச் சொல்லிவிட்டுத் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்தான். வெகுநேரம் பார்த்தான். பிறகு எழுந்து போய் உப்பு ஜாடியைக் கேட்டான். கீழ்வீட்டு மாசிமா வந்து பார்த்தாள். வீட்டுக்காரி, வயதானவள், அவளுடைய பையன் முன்பு மீன் வளர்த்தவன். உப்பு நல்லதுதான் என்று வங்காள மொழியில் அவனிடம் சொன்னவள், படியிறங்கும்போது நாகலக்ஷ்மியிடம் மட்டும், மருமகளைக் கூப்பிடுகிற மாதிரி பௌமா என்று கூப்பிட்டு, இப்படி நீர் கோத்துக்கொண்டால் கஷ்டம் என்று தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டுப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் சட்டையை மாட்டிக்கொண்டு நின்றான்.

"ஹாத்திபாகான் சந்தைக்குப் போயிட்டு வரேன். மீன் மருந்து அங்கேதான் கிடைக்கும்."

ஒரு வருஷமாகத் தெருமுனையைத் தாண்டாதவன். பெஹாலாவிலிருந்து ஹாத்திபாகான் ஊரின் ஒரு கோடியிலிருந்து மறு கோடி. கூட வருகிறேன் என்றாள், வேண்டாம் என்றான். சந்தானம் செய்தித்தாளை இறக்காமலே, போகட்டும் என்றார். அவன் படியிறங்கும் சத்தம் ஓயும்வரை அவர் பக்கத்தைத் திருப்பவில்லை. மத்தியானம் முழுதும் பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒவ்வொரு பஸ்ஸும் நின்று நகரும்போது இறங்கியவர்களை எண்ணினாள். டிராம் வரும்போது கண்ணை மூடிக்கொண்டாள். வெயில் இறங்குகிற நேரத்துக்கு அவன் வந்தான். முகம் கறுத்துச் சிவந்து, சட்டை நனைந்து, கையில் நீல மருந்துப் புட்டியோடு வந்தான். பசிக்கிறது என்றான். மோர் சாதத்தை மறுபடி மறுபடி போட்டுக்கொண்டு சாப்பிட்டான். பஸ்ஸில் ஒருவன் கோழியோடு ஏறியதைச் சொன்னான். சொல்லும்போது உதடு ஓரத்தில் சிரிப்பு மாதிரி ஏதோ வந்து போனது.

அப்போதுதான் அவளுக்கு அந்த நினைப்பு வந்தது. இந்த மீன் சட்டென்று குணமாகிவிடக் கூடாது. சாகவும் கூடாது. இப்படியே கொஞ்ச காலம் கிடக்கட்டும். நினைத்த மறுகணமே கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ஆனாலும் நினைப்பு போகவில்லை.

தொட்டித் தண்ணீர் நீலமாயிற்று. அவன் தினமும் பாதித் தண்ணீரை எடுத்துவிட்டுப் புதிது விட்டான், மருந்தைச் சொட்டு சொட்டாக விட்டான், வேகவைத்த பட்டாணியைத் தோலுரித்து நசுக்கி மீனின் வாய்க்கருகே பிடித்தான். அது வாங்கித் துப்பியது. வயிறு இன்னும் பெருத்தது. ஒரு நாள் காலையில் பார்த்தால் உடம்பிலிருந்த செதில்கள் எல்லாம் அன்னாசிப் பழத் தோல் போலத் தூக்கிக்கொண்டு நின்றன. அன்று அவன் சாப்பிட வரவில்லை.

எழுபத்தொன்பதாம் வருஷத்துக் கோடை அது. கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று ஒருவருக்கும் தெரியாது. லோட் ஷெட்டிங் என்றால் ஊரே விசிறிக்கொண்டு தெருவில் உட்கார்ந்திருக்கும். கரண்ட் போனால் பம்ப் நிற்கும். பம்ப் நின்றால் மீன் மேலே வந்து வாயைப் பிளந்து காற்றுக்குத் தவிக்கும். அதனால் அம்மாவும் பிள்ளையும் தொட்டிக்கு இரண்டு பக்கமும் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, டம்ளரால் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து அதிலேயே ஊற்றுவார்கள். ஊற்றும்போது குமிழி எழும். கை ஓய்ந்தால் மற்றவர் ஊற்றுவார். பிள்ளையோடு இவ்வளவு நெருக்கமாக அவள் உட்கார்ந்து வருஷங்களாகியிருந்தன. அவனுடைய மூச்சு கேட்கும். வேர்வை வாசனை வரும்.

ஒரு சாயங்காலம் ஹாரிகேன் விளக்கைக் கிட்டே வைத்துக்கொண்டு அவள் ஊற்றிக்கொண்டிருந்தாள். அவன் சும்மா பார்த்துக்கொண்டிருந்தான்.

"கடைக்காரன் அன்னிக்கே சொல்லிட்டாம்மா. செதில் எழுந்துண்டுட்டா அவ்வளவுதானாம். மருந்தெல்லாம் நம்ம மனசுக்குத்தான்."

"அவனுக்கு என்ன தெரியும்" என்றாள் அவள். கை நிற்கவில்லை.

"அதுக்கு வலிக்கறது."

"மீனுக்கு வலிக்கறதுன்னு உனக்கு யார் சொன்னா?"

அவன் விளக்கின் திரியைக் கொஞ்சம் இறக்கினான். 

"விட்டுடும்மா. முடியலை. நீங்க ரெண்டு பேரும் விடவே மாட்டேங்கறேள்."

டம்ளர் அந்தரத்தில் நின்றது. நீங்கள் இரண்டு பேரும் என்கிறானே. சந்தானம் அந்தத் தொட்டியைத் தொட்டதே இல்லையே.

"யாரைச் சொல்றே நீ?"

"மீனைத்தாம்மா" என்றான். எழுந்து போய் இருட்டில் கட்டிலில் படுத்துக்கொண்டான்.

அவள் மறுபடி மொண்டு ஊற்ற ஆரம்பித்தாள். வேறு என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. தோள் மரத்துப்போயிற்று. முன்புடவையெல்லாம் நீலக் கறை. சந்தானம் ஆபீசிலிருந்து வந்து செருப்பைக் கழற்றிவிட்டு, விளக்கொளியில் அவள் முகத்தைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டு ஊற்றினாள். பிள்ளை சொன்னதைச் சொன்னால் அந்த அறைக்குக் கேட்கும். அவர் கையைக் கழுவிக்கொண்டு வந்து டம்ளரை அவளிடமிருந்து வாங்கிக்கொண்டு தாம் ஊற்ற ஆரம்பித்தார். கரண்ட் வரும்வரை ஊற்றினார்.

அத்தனை பாடுபட்டும், மீன் செத்தது ஒரு பகல் வேளையில், கரண்ட் இருக்கும்போது, பம்ப் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போது. குமிழிகள் அந்த வெளுத்த உடம்பை மெல்லத் தள்ளிக்கொண்டிருந்தன. சீதாராமன் மாத்திரைத் தூக்கத்தில் இருந்தான். அவள் தரையில் உட்கார்ந்து அவன் எழுந்து வருவதற்குக் காத்திருந்தாள். வந்தான், பார்த்தான், அழவில்லை. கையைத் தண்ணீருக்குள் விட்டு அதை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு கீழே போனான். வீட்டுக்குப் பின்னால் குளக்கரையில் பாக்குமரத்தடியில் குழி தோண்டிப் புதைத்ததை மாசிமா பார்த்தாளாம். மேலே வந்து தொட்டியை வாளி வாளியாகக் காலி செய்து, சோப்புப் போட்டுக் கழுவி, துணியால் துடைத்து, பால்கனியில் கவிழ்த்தான். ஒரு வேலையை முடிக்கிறவன் போல அத்தனை சுத்தமாகச் செய்தான். அந்தச் சுத்தம்தான் அவளைப் பயமுறுத்தியது. வேறு மீன் வாங்கலாமா என்று கேட்டாள். வேண்டாம் என்று சாந்தமாகச் சொன்னான்.

அதற்கப்புறம் அவன் படுக்கையை விட்டு எழுந்திருக்கவில்லை. அடுத்த வாரம் தலையணை உறை மாற்றப் போனவள் கையில், விழுங்காமல் சேர்த்து வைத்த மாத்திரைகள் ஒரு பிடி தட்டுப்பட்டன. அவள் கத்தவில்லை. மடியில் முடிந்துகொண்டாள். அவன் கட்டிலின் மறுமுனையிலிருந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். மாசிமாவை அவன் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு, எதிர் மருந்துக்கடை டெலிபோனிலிருந்து கிடர்பூர் ஆபீசுக்குப் பேசினாள். அன்று சாயங்காலமே டாக்சி வைத்து அவனைப் பழைய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்கள். அவன் மறுக்கவில்லை. டாக்சியில் நடுவில் உட்கார்ந்துகொண்டு வந்தான். வார்டு வாசலில் செருப்பையும் பெல்ட்டையும் கழற்றிக் கொடுக்கச் சொன்னபோது, இடுப்புப் பக்கம் துழாவி, பெல்ட் போடவில்லை என்று காட்டினான். கம்பிக் கதவு சாத்திக்கொண்டது.

திரும்புகையில் எஸ்ப்ளனேடில் டிராம் ஏறினார்கள். மைதானத்தின் ஓரமாக டிராம் ஆடி ஆடிப் போயிற்று. காற்று இருந்தது. அவனுடைய செருப்பு இருந்த பையை அவள் மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"விட்டுடும்மான்னு சொன்னான்" என்றாள். "மீன் இருக்கும்போதே. நான் உங்ககிட்ட சொல்லலை."

சந்தானம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். டிராம் கிடர்பூர்ப் பாலத்தில் ஏறியது.

"என்கிட்ட போன வருஷமே சொன்னான்" என்றார். "விட்டுடுப்பான்னு."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். கண்டக்டர் வந்து டிக்கெட் கேட்டுவிட்டுப் போனான்.

"ஏன்னா, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லப்படாதா?"

"சொல்லி? நீயும் தூங்காம இருக்கவா? நான் ஒருத்தன் முழிச்சிண்டிருந்தாப் போறாதா?"

ஒரு வருஷமாக அவர் பாயை ஹாலுக்கு மாற்றிக்கொண்டு பிள்ளையின் கதவோரமாகப் படுத்து வந்தார். கேட்டால் அங்கேதான் காற்று வருகிறது என்பார். அவளும் நம்பினாள். அங்கே காற்றே வராது. அவளுக்கு அழுகை வந்தது, டிராம் நிறைய ஜனம், புடவைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். அவர் அவளைத் தேற்றவில்லை. தேற்ற அவரிடம் ஒன்றும் இல்லை. பையை மட்டும் அவள் மடியிலிருந்து எடுத்துத் தம் மடியில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் பார்வையாளர் நேரத்துக்குப் போனபோது சீதாராமன் தூங்கிக்கொண்டிருந்தான். காலையில் கரண்ட் வைத்தாயிற்று, எழுப்ப வேண்டாம் என்று நர்ஸ் சொன்னாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. நெற்றிப் பொட்டில் பசை காய்ந்து ஒட்டியிருந்தது. நாகலக்ஷ்மி தலைப்பைத் தண்ணீரில் நனைத்துத் துடைத்துவிட்டாள். அவன் முழிக்கவில்லை. கட்டிலின் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தார்கள். மணி அடித்ததும் எழுந்தார்கள். படுக்கையில் விரிக்க நாளைக்கு ஒரு பழைய வேட்டி கொண்டுவாருங்கள் என்று நர்ஸ் சொன்னாள். சரி என்று சந்தானம் தலையாட்டினார்.