இரண்டாம் எண் பூட்டு

எழுதிய வார்த்தையையே திரும்ப எழுதுவது தனலெட்சுமிக்குப் பிடிக்காது. ஸ்கூடாயில் ஞாயிற்றுக்கிழமை ஆங்கில வகுப்புக்குப் போனதிலிருந்து பிடித்த சனியன் அது. ஒரு பொருளுக்குப் பத்துச் சொல் தெரிந்தால்தான் படித்தவள் என்று மதிப்பார்கள் என்ற நினைப்பு.

பாசிர் கூடாங்கில் ஒரு ரசாயனத் தொழிற்சாலை. தொட்டிக்குள் ஆள் இறங்குவதற்கான அனுமதித் தாளை நிரப்புவது அவள் வேலை. இரவு ஷிஃப்ட் முடிந்த சபாபதி காலையில் வாசலில் நின்றபடியே சொன்னார்.

“பக்கத்துத் தொட்டிங்க மூணோட மூடியும் மூடியாச்சு. ரெண்டாம் நம்பர் நைட்ரஜன் வால்வும் மூடியாச்சு லா, தனம். பஸ் வந்திரிச்சு, நான் வரேன்.”

மூடிகள் மூன்றுக்கும் ‘குளோஸ்ட்’ என்று எழுதினாள். நாலாவதாக, ஆள் இறங்கும் தொட்டிக்கு நைட்ரஜன் போகும் வால்வு. மறுபடியும் அதே சொல்லா? ‘ஐசோலேட்டட்’ என்று எழுதினாள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. பாதுகாப்பு அதிகாரி முருகப்பன் அந்தச் சொல்லைப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார், காப்பி குடிக்கப் போனார்.

தொட்டிக்குள் இறங்கப் போன தீபன் கல்யாண மோதிரத்தைக் கழற்றி அவள் மேசையில் வைத்தான். “பத்திரம்க்கா. தொலைச்சா என் பொண்டாட்டி கொன்னுடுவா.”

கால் மணி நேரம் கழித்து மோதிரத்தை டிராயரில் வைக்கும்போது எதேச்சையாக நிமிர்ந்தாள். தலைக்கு மேலே பலகையில், வால்வுகளை மூடியபின் மாட்டும் சிவப்புப் பூட்டுகள். இரண்டாம் எண் பூட்டு ஆணியிலேயே தொங்கியது.

குளோஸ்ட் என்றால் கையால் மூடியது. யார் வேண்டுமானாலும் திறக்கலாம். ஐசோலேட்டட் என்றால் மூடி, பூட்டி, அட்டை மாட்டியது. அந்தப் பூட்டு வால்வில் அல்லவா இருக்க வேண்டும்? நைட்ரஜனுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. இரண்டு மூச்சில் ஆளைச் சாய்த்துவிடும்.

வாக்கி டாக்கியை எடுத்தாள். அதற்குள் அதிலேயே ஒரு குரல் மலாயில் கரகரத்தது. “நம்பர் டுவா, சாயா புக்கா.” பகல் ஷிஃப்ட்காரன் இரண்டாம் எண்ணைத் திறக்கிறான்!

“திறக்காதீங்க! ஜாங்கான் புக்கா!” என்று கத்தினாள். ஓடினாள். பாதுகாப்புக் காலணி கல்லாய்க் கனத்தது. முருகா, முருகா என்பதைத் தவிர வாயில் வேறு எதுவும் வரவில்லை.

தொட்டி வாயில் கயிற்றைப் பிடித்துக் காவலிருந்த ரூபேந்திரன் அவள் முகத்தைப் பார்த்ததுமே எழுந்துவிட்டான்.

“இழு! அவனை மேல இழு!”

ஏன் என்று அவன் கேட்கவில்லை. இழுத்தான். தீபனின் மஞ்சள் தொப்பி தெரிந்தது, பிறகு தோள், பிறகு இடுப்பு. “அலமாக், என்னக்கா, வேலை முடியலையே...” என்று அவன் முனகிக்கொண்டே வெளியே விழுந்தபோது, தொட்டிக்குள் தொங்கிய வாயு மீட்டர் வீறிட்டு அலற ஆரம்பித்தது. மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

பத்து மணிக்கு முருகப்பன் அறிக்கைத் தாளை அவள் முன் வைத்தார்.

“காரணம்ங்கிற இடத்துல ஓவர்சைட்னு போடும்மா. நெக்லிஜென்ஸ்னு போட்டா உன் வேலை போயிடும், என் வேலையும்தான். ரெண்டும் கவனிக்கலைங்கிற அர்த்தம்தானே, யாரு பார்க்கப் போறா?”

பயம் இன்னும் இறங்கவில்லை. வேலை போனால் வீட்டில் என்ன சொல்வது? சின்னச் சொல்லை எழுதத்தான் மனசு கெஞ்சியது. பார்த்தும் கண்ணுக்குத் தப்பியிருந்தால் ஓவர்சைட்; பார்க்க வேண்டியதைப் பார்க்காமலே விட்டால் நெக்லிஜென்ஸ். தலைக்கு மேலே தொங்கிய பூட்டை அவள் பார்க்கவே இல்லை. பார்ப்பதுதான் அவள் வேலை.

கதவருகே தீபன் வந்து நின்றான். “மோதிரம்க்கா.”

எடுத்துக் கொடுத்தாள். அவன் அதை விரலில் மாட்டும்வரை பார்த்திருந்துவிட்டு, பேனாவைத் திறந்து, நெக்லிஜென்ஸ் என்று எழுதினாள். பிறகு தாளை முருகப்பன் பக்கம் நகர்த்தினாள்.

“கையெழுத்துப் போடறதுக்கு முன்னால ஒரு தடவை படிச்சிருங்க சார்.”