பதினைந்து கோடு

நார்த்தாமலைத் தாய்சேய் நிலையத்தில் செவ்வாய்தோறும் பிள்ளைகளை எடைபோட்டு ஏட்டில் எழுதுவது குமாஸ்தா ஆத்மநாதனின் வேலை. கையெழுத்து அழகாயிருக்க வேண்டும் என்பதில் அவருக்குப் பித்து. அச்சடித்த எடைக் கட்டத்தில் ராத்தலோடு அவுன்சையும் எழுதினால் நெருக்கியடிக்கும். ஆகவே தராசு முள் எங்கே நின்றாலும் அவுன்சைத் தள்ளிவிட்டு ராத்தலை மட்டும் முத்துமுத்தாக எழுதுவார்.

மூக்காயியின் கைக்குழந்தைக்கு மூன்று வாரமாக ஆறு, ஆறு, ஆறு. நாலாவது வாரம் மாமியார் முனியாயியும் தூக்குவாளியோடு வந்துவிட்டாள்.

"போன வாரமும் ஆறுதானா சார்?"

"ஏடு அப்படித்தாம்மா சொல்லுது."

"கேட்டியாடி! ஒம்பாலுல சத்தே இல்ல. இன்னியோட நிறுத்து. கேப்பக்கூழு கொண்டாந்திருக்கேன்."

"ஒன்றரை மாசப் புள்ளைக்கா, அத்தே?" மூக்காயிக்குக் கண் கலங்கியது, குரல் கலங்கவில்லை. "சார், இவன் கனத்துட்டான்னு எம் இடுப்பு சொல்லுது. மொத நாளு முள்ளு ஆறுலயே நின்னுச்சு. பாத்தேன். இன்னிக்குப் பாருங்க."

இடுப்புக்கும் ஏட்டுக்கும் வழக்கு! ஆத்மநாதன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பிள்ளையைத் தொங்குதராசில் கிடத்தினார். முள் ஆறைத் தாண்டி நடந்தது. அவுன்சுக் கோடுகளை எண்ணினார். பதினைந்து. இன்னும் ஒரு கோடு போனால் ஏழு ராத்தல்! மூன்று வாரமாகக் கோடுகளை விழுங்கியது அவருடைய அழகான கையெழுத்துத்தான்.

"பதினஞ்சு அவுன்சு ஏறியிருக்கு, ஆத்தா. புள்ளை வளந்துட்டான். நான்தான் வளரல."

"அவுன்சுன்னா எம்புட்டு?" என்றாள் முனியாயி.

"பதினாறு சேர்ந்தா ஒரு ராத்தல்."

"அது சரி! அரைப்படி அரிசி இருந்தா, வீட்டுல அரிசியே இல்லேம்பீங்களா?"

ஆத்மநாதன் அளவுகோலை எடுத்து, எப்போதும் காலியாகக் கிடந்த குறிப்புக் கட்டத்திலிருந்து அவுன்சுக்கு ஓர் இலக்கம் அளவு இடம் பிடித்தார். 15-இல் ஒன்று உட்கார்ந்தது. ஐந்து வெளியே விழுந்தது. அவுன்சு எதுவரை போகும்? பதினைந்து வரை, பதினாறானால் ராத்தலோடு சேர்ந்துவிடும். அப்படியானால் இரண்டு இலக்கத்துக்கு இடம் போதும். கோட்டை அழித்து, தள்ளிப் போட்டார். ஏடு கோரமாகிவிட்டது. ஆனால் 6, 15 இரண்டும் காலை நீட்டி உட்கார்ந்தன.

மூக்காயி சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்து பிள்ளைக்குப் பால் கொடுத்தாள். முனியாயி தூக்குவாளியை மேசைமேல் நகர்த்தினாள்.

"கூழை நீங்க குடிங்க சார். நீங்கதான் இன்னும் வளரணும்."

ஆத்மநாதன் ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தார்.